எதைத் தனியே எடுப்பது?

1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, செவ்வாய்க் கோளைக் கவனிப்பதற்காகத் தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போனார். போன இடத்தில் எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டது. பாரிசில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போக மிகச் சரியாக ஒரு நொடி எடுத்துக்கொண்ட ஊசல், நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருக்கும் கயேனில் கொஞ்சம் தாமதித்தது. நொடிக்கணக்கைச் சரிக்கட்ட ஊசலின் நீளத்தில் ஒன்றேகால் 'லைன்' குறைக்க வேண்டியிருந்தது. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர். மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள ஊசலில் இது 0.28 விழுக்காடு.

பதினோராம் வகுப்பு மாணவருக்கு இந்த உறவு மனப்பாடம்: அலைவு நேரம் = 2பை × √(நீளம் ÷ ஈர்ப்பு முடுக்கம்). கடிகாரம் செய்பவருக்கு இதில் வேண்டியது நீளம். அவர் அதைத் தனியே எடுத்துக்கொள்வார்: நீளம் = முடுக்கம் × நேரத்தின் வர்க்கம் ÷ 4பை². ரிஷே கையால் செய்தது இதைத்தான். நியூட்டனுக்கு வேண்டியது வேறு. நேரம் மாறாதபோது முடுக்கமும் நீளமும் ஒரே விகிதத்தில்தான் குறைய முடியும். ஆகவே கயேனில் ஈர்ப்பு முடுக்கம் பாரிசைவிட 0.28 விழுக்காடு குறைவு. இன்றைய அளவீடுகள் பாரிசுக்கு 9.81, கயேனுக்கு 9.78 என்கின்றன, வித்தியாசம் 0.3 விழுக்காடு. 1687-இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா'வில், பூமி துருவங்களில் தட்டையானது என்ற தன் வாதத்துக்கு நியூட்டன் இந்த ஊசலைத் துணைக்கு அழைத்தார். ஒருவருக்கு ஊசலைச் செதுக்க உதவிய உறவு, இன்னொருவருக்குப் பூமியின் வடிவத்தைக் காட்டியது.

எது தெரிந்தது, எது தெரியாதது என்று சமன்பாட்டுக்குத் தெரியாது. அதைத் தீர்மானிப்பவர் நாம்தான். ஒரு மாறியைத் தனியே எடுப்பதைப் பள்ளியில் இரண்டு நாளில் முடித்துவிடுகிறார்கள். 'இந்தப் பக்கம் பெருக்கல், அந்தப் பக்கம் போனால் வகுத்தல்' என்ற வாய்பாட்டோடு கதை முடிந்துவிடுகிறது. ஆனால் இயற்பியலின் வரலாற்றில் பாதி, யார் எதைத் தனியே எடுத்தார்கள், எதை எடுக்க முடியாமல் திணறினார்கள் என்பதில் அடங்கியிருக்கிறது.

வாய்பாடு பழையது. கி.பி. 499-இல் ஆரியபடர் இதைத் தலைகீழ் முறை என்று ஒரே சூத்திரத்தில் சொல்லிவிட்டார்: பெருக்கியது வகுக்கும், வகுத்தது பெருக்கும், கூட்டியது கழியும், கழித்தது கூடும். வரிசையும் தலைகீழாக வேண்டும் என்பது இதற்குள் இருக்கிறது. பொட்டலம் கட்டியவர் கடைசியில் போட்ட முடிச்சைத்தான் பிரிப்பவர் முதலில் அவிழ்க்க வேண்டும். ஊசலில் கடைசியாக நடந்தது 2பை-ஆல் பெருக்குவது. அதற்கு முன் வர்க்கமூலம். அதற்கும் முன் வகுத்தல். முடுக்கத்தை எடுக்க வேண்டுமானால் முதலில் 2பை-ஆல் வகுத்து, பிறகு வர்க்கப்படுத்தி, அதன் பின்பே பின்னத்தைத் தொட வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி இதே செயல்களை வகைப்படுத்தி எழுதினார், அதுவும் முழுக்க உரைநடையில். 1591-இல் பிரான்சுவா வியட், தெரியாத அளவுகளுக்கு உயிரெழுத்து, தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்து என்று குறியிடத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. அதுவரை ஒவ்வொரு கணக்காகத் தீர்த்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதிரிக் கணக்குகள் அத்தனையையும் ஒரே அடியில் தீர்க்க முடிந்தது. சூத்திரம் என்று நாம் இன்று சொல்வது அங்கே பிறந்தது.

வாய்பாடு காலை வாரும் இடம் ஒன்று எல்லா வகுப்பறையிலும் உண்டு. 6 ஓம், 3 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் வைத்தால், தொகுபயனின் தலைகீழி 1/6 + 1/3, அதாவது 1/2. தொகுபயன் 2 ஓம். மாணவர் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே தலைகீழாக்கி 9 ஓம் என்று எழுதுவார். இதில் கூட்டல் கடைசி முடிச்சு. அதைப் பிரிக்காமல் உள்ளே கை வைத்ததன் பலன். ஒழுங்காகப் பிரித்தால், தொகுபயன் தெரிந்து முதல் மின்தடையைத் தேடும்போது இப்படி வரும்: முதல் மின்தடை = தொகுபயன் × இரண்டாவது ÷ (இரண்டாவது − தொகுபயன்). இந்த வடிவம் மூல வடிவத்தில் வெளித்தெரியாத ஒன்றைச் சொல்கிறது. கீழே உள்ள கழித்தல் நேர்க்குறியாக இருக்க வேண்டுமானால், பக்க இணைப்பின் தொகுபயன் எந்தக் கிளையையும்விடச் சிறியதாகத்தான் இருக்க முடியும். 9 ஓம் என்று எழுதியவருக்கு இது ஒன்றே போதும், தன் விடையைத் தானே சந்தேகிக்க.

எண்களை முதலில் போடுவதா, எழுத்துகளிலேயே மாறியை எடுத்துவிட்டுக் கடைசியில் போடுவதா? ஆசிரியர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள், மாணவர்கள் முதலாவதைச் செய்வார்கள். மாணவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொரிகோவும் கிளாடிங்கும் ஒரே இயக்கக் கணக்கை எண்ணாகவும் எழுத்தாகவும் இரண்டு பிரிவினருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வினாவில், எண் வடிவத்தை ஏறத்தாழ எல்லோரும் போட்டுவிட்டார்கள். எழுத்து வடிவத்தைப் போட்டவர்கள் பாதி அளவுதான். இயற்கணிதத்தில் கை வராதது மட்டும் காரணமில்லை. பொதுச் சூத்திரத்தில் உள்ள 'வேகம்' எந்த நேரத்து வேகமாகவும் இருக்கலாம். வினாவில் கொடுத்த 'வேகம்' ஒரு குறிப்பிட்ட கணத்து வேகம். இரண்டுக்கும் ஒரே எழுத்து வரும்போது மாணவர் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்துவிடுகிறார். எண் வந்துவிட்டால் அந்தக் குழப்பம் எழவே வழியில்லை.

ஆனாலும் எழுத்தோடு போவதால் கிடைப்பது சின்ன லாபமில்லை. பூமியைச் சூரியன் இழுக்கும் விசையை, பூமி வட்டமாகச் சுற்றத் தேவையான விசைக்குச் சமமாக்கினால் பூமியின் நிறை இருபுறமும் வந்து அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது: சூரியனின் நிறை = 4பை² × தொலைவின் கனம் ÷ (ஈர்ப்பு மாறிலி × ஆண்டின் வர்க்கம்). தொலைவு 1.496 × 10¹¹ மீட்டர், ஓர் ஆண்டு 3.156 × 10⁷ நொடி. விடை 1.99 × 10³⁰ கிலோகிராம். தராசே இல்லாமல் சூரியனை எடை போட்டாயிற்று. எண்களை முதலிலேயே போட்டவருக்கும் விடை வரும்தான். ஆனால் பூமியின் நிறை கணக்கிலிருந்து விழுந்துவிட்டது என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. அது தெரிந்தால்தான், பூமியின் சுற்றுப்பாதையை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் பூமியின் நிறை கிடைக்காது, அதற்கு நிலாவைப் பார்த்தாக வேண்டும் என்று புரியும். நிலாவின் தொலைவையும் 27.3 நாளையும் போட்டால் சுமார் 6 × 10²⁴ கிலோகிராம் வருகிறது.

இங்கே ஈர்ப்பு மாறிலி எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 1798-இல் ஹென்றி கேவண்டிஷ், ஈயக் குண்டுகளின் இழுவையை முறுக்குத் தராசில் அளந்து அதற்கு வழி செய்தார் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அவருடைய கட்டுரையில் அந்த மாறிலி கிடையாது. அவர் தேடியது பூமியின் அடர்த்தி. கண்டது தண்ணீரைப் போல 5.48 மடங்கு. (இன்றைய மதிப்பு 5.51.) சமன்பாட்டில் பூமியின் அடர்த்தியும் ஈர்ப்பு மாறிலியும் பிணைந்தே இருப்பதால் ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரிந்ததுதான். பின்னால் வந்தவர்கள் அதே அளவீட்டிலிருந்து மாறிலியைத் தனியே எடுத்தார்கள். பாடநூல்களைக் குறை சொல்லத் தேவையில்லை. ஆனால் கேவண்டிஷ் கேட்ட கேள்வி அதுவல்ல.

தனியே எடுக்கும்போது கேட்டதற்கு மேலும் விடை வருவதுண்டு. 15 மீட்டர் உயர மொட்டைமாடி விளிம்பிலிருந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை நேர் மேலே எறிகிறோம். அது எப்போது தரையில் விழும்? ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால் இருபடிச் சமன்பாட்டிலிருந்து இரண்டு நேரங்கள் கிடைக்கின்றன: 3 நொடி, −1 நொடி. 'மைனஸ் வந்தால் அடித்துவிடு' என்பது வகுப்பறை வழக்கம். அடிக்கும் முன் ஒரு நிமிடம் பார்த்தால் என்ன? எறிவதற்கு ஒரு நொடி முன்பு பந்து தரையில் இருந்ததாம். அப்போது அதன் வேகம் மேல்நோக்கி 20. யாரோ ஒருவர் தரையிலிருந்து அந்த வேகத்தில் எறிந்திருந்தால், ஒரு நொடி கழித்து அது மாடி விளிம்பைச் சரியாக 10 மீட்டர் வேகத்தில் கடந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பந்துக்கும் நம் பந்துக்கும் எந்த வேறுபாடும் இல்லை. சமன்பாட்டுக்கு மாடியும் தெரியாது, எறிந்த கையும் தெரியாது. பந்தின் முழுப் பாதை மட்டுமே தெரியும். அந்தப் பாதை தரையை இரண்டு முறை தொடுகிறது, இரண்டையும் சொல்லிவிட்டது. −1-ஐ அடிப்பது சரிதான். ஆனால் அடிப்பதற்கான காரணம் கணிதத்தில் இல்லை, நாம் எப்போது எறிந்தோம் என்பதில் இருக்கிறது.

இதன் மறுபக்கம், தனியே எடுத்த வடிவத்தைக் காரண காரியமாகப் படித்துவிடுவது. மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம் என்று எழுதியவுடன், மின்னோட்டம் கூடினால் மின்தடை குறையும் என்று சொல்லும் மாணவர்கள் ஏராளம். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் டப்பாவுக்குள் கிடக்கும் 100 ஓம் மின்தடையின் மீது மின்னழுத்தமும் இல்லை, அதன் வழியே மின்னோட்டமும் இல்லை. சூத்திரத்தைக் கேட்டால் பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொல்லும். ஆனாலும் அது 100 ஓம்தான். முக்கோணம் வரைந்து மேலே மின்னழுத்தம், கீழே மற்ற இரண்டும் எழுதி, வேண்டியதைக் கையால் மறைத்து விடை காணும் உத்தியை இதற்காகவே எனக்குப் பிடிப்பதில்லை. மூன்று அளவுகளும் ஒரே தகுதி உள்ளவை போல அது காட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு, நான்காவது ஓர் அளவு வந்தாலே முக்கோணம் கைவிட்டுவிடும்.

ஆய்வுக்கூடத்தில் மாறியைத் தனியே எடுப்பதற்கு இன்னொரு நோக்கம் உண்டு: நேர்கோடு. ஒளி பட்டு உலோகத்திலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களைப் பற்றி 1905-இல் ஐன்ஸ்டைன் எழுதிய சமன்பாட்டில் நிறுத்து மின்னழுத்தத்தைத் தனியே எடுத்தால், அது அதிர்வெண்ணைப் பொறுத்த நேர்கோடாகிறது. கோட்டின் சாய்வு, பிளாங்க் மாறிலியை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்தது. உலோகத்துக்கு உலோகம் மாறுவது வெட்டுத்துண்டு மட்டும். சாய்வு மாறக் கூடாது. ராபர்ட் மில்லிகனுக்கு அந்தக் கொள்கையில் நம்பிக்கை இருக்கவில்லை. வெற்றிடக் குழாய்க்குள்ளேயே சோடியத்தின் மேற்பரப்பைச் சீவிச் சீவிப் புதுப்பித்துப் பல ஆண்டுகள் அளந்தவர், 1916-இல் ஒரு நேர்கோட்டோடு வெளியே வந்தார். மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிச் சோதனையில் அவரே முன்பு அளந்திருந்தார். ஆகவே சாய்விலிருந்து பிளாங்க் மாறிலி 6.57 × 10⁻³⁴ ஜூல் நொடி என்று கிடைத்தது. இன்றைய மதிப்போடு ஒப்பிட்டால் பிசகு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே.

நம் பள்ளிச் செய்முறைத் தேர்விலும் இந்த உத்தி இருக்கிறது, மதிப்பு தெரியாமலே. தனி ஊசலில் ஒவ்வொரு அளவீட்டிலும் ஈர்ப்பு முடுக்கத்தைத் தனியே கண்டு சராசரி எடுக்கலாம். அல்லது அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்து சாய்விலிருந்து எடுக்கலாம். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் மேல்விளிம்பு வரை அளந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். குண்டின் ஆரம் 1 சென்டிமீட்டர் என்றால் 50 சென்டிமீட்டர் ஊசலில் 2 விழுக்காடும், ஒரு மீட்டர் ஊசலில் 1 விழுக்காடும் பிசகும். சராசரி எடுத்தாலும் பிசகு போகாது. வரைபடத்திலோ கோடு முழுவதும் 1 சென்டிமீட்டர் நகருமே தவிர, சாய்வு அசையாது. கோடு ஆதிப்புள்ளி வழியே போகாததைப் பார்த்தால் தவறு நடந்த இடமும் அகப்பட்டுவிடும்.

அளக்கவே முடியாத மாறியைத் துரத்திவிடுவதும் இதே கலையின் உச்சம். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பிரையன் கிப்பிள் 1975-இல் முன்வைத்த தராசில், காந்தப்புலத்தில் தொங்கும் கம்பிச்சுருளின் விசை ஓர் எடையைத் தாங்குகிறது. விசை காந்தப்புலத்தையும் கம்பி நீளத்தையும் பொறுத்தது. அவற்றின் பெருக்கலைத் தேவையான துல்லியத்தில் அளப்பது நடக்காத காரியம். கிப்பிள் அதே சுருளை அதே புலத்தில் நகர்த்தி, தூண்டப்படும் மின்னழுத்தத்தை அளந்தார். இரண்டு சமன்பாடுகளிலும் அதே பெருக்கல். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அது மறைகிறது. நிறை = மின்னழுத்தம் × மின்னோட்டம் ÷ (ஈர்ப்பு முடுக்கம் × வேகம்). 2019 மே 20 முதல் கிலோகிராமின் வரையறை பிளாங்க் மாறிலியின் நிலையான மதிப்பைச் சார்ந்தது. அந்த வரையறையை நடைமுறைக்குக் கொண்டுவரும் முக்கிய வழிகளில் ஒன்று இந்தத் தராசு.

இதுவரை சொன்னவற்றில் மாறி வெளியே வந்துவிட்டது. வராத இடங்களும் உண்டு. நீள்வட்டத்தில் கோள் இன்ன இடத்துக்கு எப்போது வரும் என்று கெப்லரின் சமன்பாட்டில் நேரடியாகக் காணலாம். இன்ன நேரத்தில் எங்கே இருக்கும் என்று திருப்பிக் கேட்டால், தேடும் கோணம் தனியாகவும் சைனுக்கு உள்ளேயும் இரண்டு இடத்தில் நிற்கிறது. இரண்டையும் ஒன்றுசேர்க்க இயற்கணிதத்தில் வழி இல்லை. 1609-இல் கெப்லரே கையை விரித்து, முடிந்தவர்கள் காட்டட்டும் என்று விட்டுவிட்டார். வான்டெர்வால்சின் வாயுச் சமன்பாட்டில் அழுத்தம் ஒரே வரியில் வந்துவிடும். கன அளவைக் கேட்டால் முப்படிச் சமன்பாடு. அங்கே வரும் மூன்று மூலங்கள் திரவமும் வாயுவும் சேர்ந்திருக்கும் நிலையைக் காட்டுவதால் அதைத் தொல்லை என்றும் சொல்ல முடியாது.

ஐந்தாம் படியில் கதவு மூடிக்கொள்கிறது. பொதுவான ஐந்துபடிச் சமன்பாட்டுக்கு மூலக்குறிகளால் ஆன சூத்திரம் கிடையாது என்று 1824-இல் நார்வேயின் ஆபெல் நிறுவினார். சூரியனுக்கும் பூமிக்கும் இடையே, இரண்டோடும் இசைந்து சுற்றும் புள்ளியைத் தேடினால் அத்தகைய ஐந்துபடிச் சமன்பாட்டில்தான் போய் நிற்கிறோம். அதற்காக இஸ்ரோ காத்திருக்கவில்லை. பூமியின் நிறை சூரியனோடு ஒப்பிட மிகச் சிறியது என்று சிறு உறுப்புகளை உதறிவிட்டால் முப்படி மட்டும் மிஞ்சும்: பூமியிலிருந்து அதன் தொலைவு, சூரியத் தொலைவை [பூமியின் நிறை ÷ (3 × சூரியனின் நிறை)] என்பதன் கனமூலத்தால் பெருக்கியது. அந்தக் கனமூலம் கிட்டத்தட்ட நூற்றில் ஒன்று. விடை 15 லட்சம் கிலோமீட்டர். செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா எல்-1 விண்கலம், 2024 ஜனவரி 6 அன்று அந்தப் புள்ளியைச் சுற்றும் பாதையில் நுழைந்தது. கலத்தை ஓட்டுவதற்கு இந்தத் தோராயம் போதாது, கணினி வழி எண்முறைக் கணக்கு வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரிய இது போதும்.

பொறியாளர்களின் பாடு இதைவிட அன்றாடமானது. குழாயில் ஓடும் தண்ணீரின் உராய்வுக் கெழுவுக்கு 1939-இல் கோல்புரூக் தந்த சமன்பாட்டில், தேடும் கெழு இடப்புறம் வர்க்கமூலத்துக்குள்ளும் வலப்புறம் மடக்கைக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. 1944-இல் மூடி ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். பல தலைமுறைப் பொறியாளர்கள் அதில் அளவுகோல் வைத்துப் படித்தார்கள். கையால் செய்வதானால் ஓர் ஊகத்தை வலப்புறம் போட்டு இடப்புறத்தைக் கண்டு, அதையே திரும்ப வலப்புறம் போட வேண்டும். ரெய்னால்ட்ஸ் எண் ஒரு லட்சம், சொரசொரப்பு விகிதம் 0.001 என்று எடுத்துக்கொண்டு 0.02-இல் தொடங்கினால் முதல் சுற்றில் 0.02229, இரண்டாவதில் 0.02217, அதற்குப் பிறகு நான்காம் இலக்கம் அசைவதில்லை. 1976-இல் இந்தியப் பொறியாளர்கள் சுவாமியும் ஜெயினும் கெழுவைத் தனியே நிறுத்தும் தோராயச் சூத்திரம் ஒன்றை வெளியிட்டார்கள். அதே எண்களுக்கு அது 0.02234 தருகிறது; பிசகு ஒரு விழுக்காட்டுக்குக் கீழே. குழாயின் சொரசொரப்பே அவ்வளவு துல்லியமாக யாருக்கும் தெரியாது என்பதால், களத்தில் நான் சுவாமி–ஜெயின் பக்கம்தான்.

இப்போது இந்த வேலையைக் கணினியிடமே விட்டுவிடும் போக்கு வலுத்திருக்கிறது. சுவீடனின் எல்ம்க்விஸ்ட் 1978-இல் தொடங்கிவைத்த வழியில், 1997-இல் உருவான மாடலிக்கா மொழியில் மின்தடைக்கு ஓம் விதியை ஒரே முறை எழுதினால் போதும். அதில் மின்னோட்டத்தைக் காண்பதா, மின்னழுத்தத்தைக் காண்பதா என்பதைச் சுற்று முழுவதையும் பார்த்து நிரலே தீர்மானித்துக்கொள்ளும். வெளியே எடுக்க முடிந்ததை எடுக்கும், முடியாததை ஊகித்துச் சுற்றிச் சுற்றி நெருங்கும். ஆனால் உள்மின்தடை இல்லாத 5 வோல்ட் மின்கலம் ஒன்றையும் 6 வோல்ட் மின்கலம் ஒன்றையும் பக்க இணைப்பில் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். 5-ம் 6-ம் சமம் என்று ஒரு வரி உருவாகும். மின்னோட்டத்தின் அளவைத் தீர்மானிக்கும் வரி எதுவும் இருக்காது. சமன்பாடுகளை எப்படி அடுக்கினாலும் அதை வெளியே எடுக்க முடியாமல் நிரல் நின்றுவிடும். அப்படிப்பட்ட மின்கலம் உலகில் இல்லை என்பதுதான் கோளாறு. இரண்டுக்கும் சேர்த்து 0.1 ஓம் உள்மின்தடை என்று எழுதிச் சேர்த்தால், ஒன்றிலிருந்து மற்றதற்கு 10 ஆம்பியர் ஓடுகிறது என்று உடனே விடை வந்துவிடுகிறது.